நீர்முள்ளியை அறிந்து உண்ண: வன்னிக் குளக்கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

குளம் வற்றத் தொடங்கும் மாசி மாதத்தில் வன்னியின் எந்த அலைகரைக்கு, அதாவது குளத்து நீர் ஏறி இறங்கும் கரைநிலத்துக்குப் போனாலும் ஒரு காட்சி கண்ணில் படும். மாடுகள் புல்லை நிலத்தோடு மேய்ந்திருக்கும். அவை வாய் வைக்காமல் விட்டுப்போன ஊதாப் பூச்செடிகள் மட்டும் கூட்டங்கூட்டமாக நிமிர்ந்து நிற்கும். கிட்டப் போனால் ஏன் விட்டன என்பது தெரியும்: கணுவுக்குக் கணு நீளமான முட்கள். அதுதான் நீர்முள்ளி. வயற்காரருக்கு அது காலில் குத்தும் களை, சித்த வைத்தியருக்கு மருந்து. இளம் பருவத்தில் அது நல்ல கீரையும்கூட. இந்த மூன்றாவது பயன் நம் வீடுகளில் மெல்ல மறக்கப்பட்டு வருகிறது என்பதுதான் என் கவலை, இதை எழுதக் காரணமும் அதுவே.

இந்தச் செடியைக் கற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உண்ண ஏற்ற பருவத்தில் அதற்குப் பூ இராது, முள்ளும் முற்றியிராது. அடையாளங்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும் பருவத்திலோ அது வாயில் வைக்க முடியாத அளவுக்கு முற்றியிருக்கும். பூத்த செடியின் படத்தைக் காட்டி, “இதுதான் நீர்முள்ளி, பறித்துச் சமையுங்கள்” என்று சொல்வதால் பயனில்லை. பூக்கும்போது அறிந்து, இடத்தைக் குறித்து வைத்து, அடுத்த மாரியில் அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பறிப்பதே பாதுகாப்பான வழி. ஆகவே இந்த வழிகாட்டி மாசியில் தொடங்கிக் கார்த்திகையில் முடிகிறது. படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

தாவரவியலில் இதன் இன்றைய பெயர் ஹைக்ரோபிலா ஓரிகுலேட்டா. பழைய மருத்துவ நூல்களில் ஆஸ்டரகாந்தா லோங்கிபோலியா என்று இருக்கும். சிங்களத்தில் நீரமுல்லிய, இக்கிரிய என்பார்கள். மூலிகைக் கடையில் கேட்கும்போது இந்தப் பெயர்களும் உதவும். இது ஆடாதோடை, நிலவேம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியர் உண்ணும் ஆர்ட்டிசோக் போன்ற முட்செடிகள் சூரியகாந்திக் குடும்பம். அவற்றுக்கும் இதற்கும் உறவில்லை. அந்த நாட்டுக் குறிப்புகளைப் பார்த்துத் தண்டை உரித்துத் தின்னவோ, பூமொட்டை அவிக்கவோ முயல வேண்டாம்.

முதற்படி: எங்கே தேடுவது, எங்கே போகக்கூடாது

மாரியில் நீர் தேங்கிக் கோடையில் காயும் நிலம்தான் நீர்முள்ளிக்குப் பிடித்தது. குளத்தின் அலைகரை, துருசுக்கு (குளத்து மதகுக்கு) கீழே எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் பள்ளம், பாசன வாய்க்காலின் ஓரம், வயலை ஒட்டிய தாழ்நிலம், தெருவோரக் குழி ஆகிய இடங்களில் பாருங்கள். ஆழமான நீரிலும் காட்டு மேட்டுநிலத்திலும் தேடிப் பயனில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் போன்ற பெருங்குளங்களைவிட, ஊருக்கு ஊர் இருக்கும் சிறுகுளங்களே கற்றுக்கொள்ள நல்லவை. கரை தாழ்வானது, நடந்து பார்க்க எளிது, செடியின் கதை தெரிந்தவர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

வன்னியில் காட்டுக்கீரை தேடப் போகிறவர் வேறெந்த ஊரிலும் யோசிக்கத் தேவையில்லாத ஒன்றை முதலில் யோசிக்க வேண்டும். 2009 இல் போர் முடிந்த பிறகு இங்கே மிதிவெடி அகற்றும் பணி பெருமளவில் நடந்து, இன்றும் தொடர்கிறது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. ஆனாலும் ஒப்பந்தம் மண்ணுக்குள் இருப்பதை எடுத்துவிடாது. ஊரவர் தினமும் நடக்கும் பாதையையும், மாடு மேய்ந்த தடத்தையும் விட்டு விலகாதீர்கள். மண்டையோட்டுக் குறியோ சிவப்புப் பலகையோ கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஐயத்துக்கிடமான பொருளைத் தொடாமல் 119 இல் பொலிஸாருக்குச் சொல்லுங்கள். எவ்வளவு நல்ல செடி நின்றாலும், பாழடைந்த காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் பக்கத்தில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இன்னும் சில. கட்டுக்கரைக்குளமும் வவுனிக்குளமும் வனஜீவராசிகள் சரணாலயங்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. இத்தகைய இடங்களிலும் வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் நாட்டிய காடுகளிலும் செடியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய குளங்களில் முதலை உண்டு, ஆகவே நீர்விளிம்பில் குந்தியிருந்து பறிக்கக் கூடாது. யானை நடமாடும் பக்கமானால் விடியற்காலையையும் அந்தியையும் தவிருங்கள்.

இரண்டாம் படி: கணுவைப் படித்தல்

பூ கண்ணைக் கவரும். ஆனாலும் நீர்முள்ளியின் அடையாளம் முழுவதும் கணுவில்தான் இருக்கிறது. இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு செடியின் அருகே உட்கார்ந்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கணுவையும் பாருங்கள்.

செடி இரண்டு அடி முதல் ஐந்து அடி வரை உயரும். அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பினாலும், ஒவ்வொரு தண்டும் பெரும்பாலும் கிளைக்காமல் நேராகவே நிற்கும். இரு விரல்களுக்கு இடையில் உருட்டினால் முழு உருளையாக இராமல் நாற்பட்டையாகத் தட்டுப்படும். கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும். அங்கே நீளமான வெண்மயிர்கள் அடர்ந்திருக்கும்.

இப்போது எண்ணுங்கள். ஒரு கணுவில் ஆறு இலைகள் வட்டமாக நிற்கும். அவற்றில் எதிரெதிராக உள்ள இரண்டு மட்டும் நீளமானவை, ஈட்டி வடிவானவை. நல்ல ஈரத்தில் வளர்ந்த செடியில் 18 சென்ரிமீற்றர் வரை போகும். மற்ற நான்கும் அவற்றில் பாதியளவுகூட இரா. ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு முள் கிளம்பும். ஆக, ஆறு இலைக்கு ஆறு முள். முள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் நீளம், நேராகவோ சற்று வளைந்தோ இருக்கும்.

இனி மிக முக்கியமான இடம். இலைத் தகட்டை நன்றாகத் தடவிப் பாருங்கள். மயிர் தட்டுப்படும், சிறிது சொரசொரக்கும். ஆனால் இலையின் விளிம்பில் முள் இருக்காது, நரம்பின் மேலும் முள் இருக்காது. நீர்முள்ளியின் முள் கணுவுக்கு உரியது, இலைக்கு உரியதன்று. இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் கீழே வரும் போலிகளில் பாதிக்கு மேல் தாமாகவே விலகிவிடும்.

அடிக்கணுக்களில் இலைகள் உதிர்ந்து முட்கள் மட்டும் எஞ்சியிருக்கலாம். ஆட்டுக்குட்டி கடித்த தண்டில் கிளை பிரிந்திருக்கலாம். ஒரு கணு ஏமாற்றினாலும் மேலே உள்ள கணு உண்மை சொல்லும் என்பதால், ஒரு செடியில் மூன்று நான்கு கணுக்களையாவது பாராமல் முடிவு செய்யாதீர்கள்.

முள்ளில் நஞ்சில்லை. ஆனால் சேற்றில் கிடந்த காய்ந்த முள் ஆழமாகக் குத்தினால் காயத்தைக் கழுவி, ஏற்பு (ரெட்டனஸ்) ஊசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். சப்பாத்து இல்லாமல் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

மூன்றாம் படி: பூவும் விதையும்

தை பிற்பகுதி முதல் பங்குனி வரை பூவைப் பார்க்கலாம். துருசடிக் கசிவில் நிற்கும் செடிகள் அதற்குப் பிறகும் பூக்கும். பூக்கள் உச்சியில் தனிக்குலையாக இரா, கணுவைச் சுற்றியே சோடி சோடியாக இருக்கும். ஒரு கணுவில் எட்டு வரை இருந்தாலும் எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை. நீலம் கலந்த ஊதா நிறம், ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் நீளம், மேலும் கீழுமாக இரண்டு உதடுகள். கீழ் உதட்டின் நடுவே மஞ்சள் தீற்றல் தெரியும். செம்மஞ்சள் இறகில் கண் வரைந்ததுபோன்ற புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்தச் செடியில் முட்டையிடும். இலையில் முள்மயிர் நிறைந்த கறுத்த புழுக்களைக் கண்டால் அவற்றின் பிள்ளைகள்தான், விட்டுவிடுங்கள்.

பூ உதிர்ந்த பின் முட்களுக்கு நடுவே ஒடுங்கிய சிறு காய்கள் முற்றும். காய்க்குள் நான்கு முதல் எட்டு விதைகள், தட்டையாக, வட்டமாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். இவற்றைக் கொண்டு ஒரு நல்ல சோதனை செய்யலாம். ஒரு கரண்டி நீரில் சில விதைகளைப் போடுங்கள். விதையின் மேல் ஒட்டியிருக்கும் நுண்மயிர்கள் நீரை உறிஞ்சி, பலூடாவில் போடும் கசகசாவைப்போல விதையைச் சுற்றிக் கொழகொழப்பான உறை உண்டாகும். விரலில் எடுத்தால் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். பிரமதண்டின் விதையில் இது நிகழாது. கசகசாவுக்கும் நிகழ்வதால், கணுவைப் பாராமல் விதையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

நான்காம் படி: போலிகளைப் பிரித்தறிதல்

முதலாவதாகவும் விரிவாகவும் சொல்ல வேண்டியது பிரமதண்டு. குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்வார்கள். மெக்சிக்கோவிலிருந்து வந்து இப்போது தெருவோரம், தரிசு நிலம், கட்டட இடிபாடு எங்கும் பரவியிருக்கும் செடி இது. ஆங்கிலப் படங்களில் பார்த்த முட்செடியை மனத்தில் வைத்துத் தேடுபவர் கண்ணில் முதலில் படுவதும் இதுதான். இலை ஆழமாக வெட்டுண்டு, விளிம்பெல்லாம் முள்ளாக, நரம்போரம் வெண்மை படர்ந்து இருக்கும். பூ பளிச்சென்ற மஞ்சள். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். நீர்முள்ளியில் இவை எதுவும் கிடையா.

இதன் விதை கடுகின் அளவில் கறுப்பாக இருக்கும். அதில் உள்ள சங்குயினரின் என்ற நஞ்சு இரத்த நுண்குழாய்களைக் கசிய வைத்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயத்தையும் தாக்கும். 1998 இல் டில்லியில் கடுகெண்ணெயில் இந்த விதை எண்ணெய் கலந்ததால் 60 பேருக்கும் மேல் இறந்தார்கள். நான் இதை வற்புறுத்துவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் நீர்முள்ளியைத் தேடுவதே கால் வீக்கத்துக்காகத்தான். அந்த வீக்கத்தையே உண்டாக்கும் செடியை மருந்தென்று கொண்டு வந்து அவிப்பதைவிடக் கொடிய தவறு இந்த வேலையில் இல்லை. மஞ்சள் பால் கண்டால் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கழிமுள்ளியின் பூவும் ஊதா நீலம்தான், ஆனால் அது உப்புநீர்ச் செடி. நந்திக்கடல், கொக்கிளாய்ப் பக்கத்துக் கண்டல் ஓரங்களில் வளரும். தடித்த, பளபளப்பான இலை, விளிம்பில் முள். கீரையாகாது. செம்முள்ளி வேலியோரத்து உலர்நிலச் செடி. அதன் முட்களும் இலைக்கக்கத்தில்தான் இருக்கும் என்பதால் பூவில்லாத வேளையில் தடுமாற்றம் வரலாம். அது கிளைத்துப் புதராகும், பூ செம்மஞ்சள், கணுவில் ஆறிலை வட்டம் இராது. கண்டங்கத்தரி நிலத்தில் படரும், இலைத்தகட்டின் மேலேயே நெட்டை முள் நிற்கும், காய் உருண்டை. முட்கீரையின் கணுவிலும் முள் உண்டு. ஆனால் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும், பூ பச்சைக் கதிராக நீளும். அது நல்ல கீரை என்பதால் அந்தத் தவறு நடந்தாலும் கேடில்லை.

ஐயம் தீராவிட்டால் குளத்தடியில் மாடு மேய்க்கும் பெரியவர்களைக் கேளுங்கள். செடியை விவரித்துக் கேட்டால் எந்த முள்ளுக்கும் “ஓம் தம்பி, முள்ளிதான்” என்று சொல்லிவிடுவார்கள். ஒரு தண்டைக் கையில் கொண்டு போய், “ஐயா, இது எந்த முள்ளி?” என்று காட்டிக் கேட்பதே சரி.

ஐந்தாம் படி: இடத்தைக் குறித்து, மாரியில் திரும்புதல்

மாசியிலோ பங்குனியிலோ உறுதிசெய்த செடிக்கூட்டத்தை நின்று படமெடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள மருதமரம், துருசுக் கட்டு, வேலிக்கட்டை ஏதாவது ஒன்று படத்தில் விழட்டும். செடியின் விதை பெரும்பாலும் அதே இடத்தில்தான் கொட்டும். ஆடி, ஆவணியில் போனால் முள் மட்டும் நிற்கும் காய்ந்த குச்சிகளைக் காண்பீர்கள். அவற்றைப் பிடுங்காதீர்கள், அடுத்த முளைக்கு அவைதாம் சாட்சி.

ஐப்பசியில் மழை விழுந்து, காலபோக (மாரிகால நெற்செய்கை) விதைப்பு நடக்கும் நாட்களில் முளை வரும். கார்த்திகை, மார்கழியில் இளஞ்செடி ஒரு முழத்துக்குள் இருக்கும். அப்போது ஆறிலை வட்டம் முழுமையாகத் தெரியாது. எதிரெதிராக இரண்டு நீள இலைகள் மட்டுமே இருக்கலாம். மூன்றைப் பாருங்கள்: இலை காம்பில்லாமல் அடியில் ஒடுங்கித் தண்டோடு சேர்கிறதா, கணுவில் வெண்மயிர் இருக்கிறதா, இலைக்கக்கத்தை விரல்நுனியால் அழுத்தினால் இன்னும் மெத்தென்றிருக்கும் முள்முனை தட்டுப்படுகிறதா. நான்காவது சாட்சி, பக்கத்தில் நிற்கும் போன வருடக் குச்சி. நான்கும் இருந்தால் பறிக்கலாம். ஒன்று குறைந்தாலும் அந்தச் செடியை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இதே ஈரத்தில் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்காணியும் எதிரிலையோடு நிற்கும். கரிசலாங்கண்ணி இலையைக் கசக்கினால் சாறு கறுக்கும், வெள்ளைச் சிறுபூவும் அநேகமாக இருக்கும். பொன்னாங்காணி வழுவழுப்பான தண்டோடு தரையில் படரும். இரண்டும் உண்ணக்கூடியவையே.

ஆறாம் படி: பறித்தல்

நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு வரை, நகத்தால் கிள்ள வருமளவுக்கு இளசாக உள்ளதை மட்டும் எடுங்கள். கத்தரிக்கோல் நல்லது. முள் விறைத்துவிட்ட கணு குப்பைத்தொட்டியில் போடத்தான் உதவும். ஒரு கூட்டத்தில் பாதிக்கு மேல் செடிகளில் கைவைக்காதீர்கள்.

வயல் வரம்பிலும், வயல்நீர் வடியும் வாய்க்காலிலும் காலபோகம் நடக்கும்போது பறிக்கவே கூடாது. நெல் விதைத்த முதல் வாரங்களில்தான் களைநாசினி அடிப்பார்கள், கீரை இளசாக இருப்பதும் அதே வாரங்களில்தான். வயலுக்கு மேலே உள்ள அலைகரையில் நிற்பதையே எடுங்கள். வயலுக்குக் கீழே நிற்பது வேண்டாம்.

மாரியில் எலிக்காய்ச்சல் வடக்கில் பலரைத் தாக்கும் நோய். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். இந்தக் கீரையை எந்த வடிவிலும் பச்சையாக உண்ணவும் வேண்டாம். வந்ததும் கிணற்று நீரில் மூன்று முறை அலசி, உப்பு நீரில் சிறிது நேரம் போட்டெடுங்கள்.

ஏழாம் படி: சமைத்தல்

சுவை மென்மையானது. இலேசான கைப்பு, சிறிது கொழகொழப்பு. முதன்முறை உண்பவர் ஒரு பிடிக்கு மேல் எடுக்க வேண்டாம். மறுநாள் வயிறு சரியாக இருந்தால் வழக்கம்போல் உண்ணலாம்.

வறைதான் இதற்கு மிகப் பொருத்தம். இலைகளைத் தண்டிலிருந்து உருவி, கணுப்பகுதியை முழுவதும் கழியுங்கள். தப்பிப்போன ஒரு முள் தொண்டையில் பெரிய தொல்லை தரும். கொதிக்கும் உப்புநீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு, நீரை வடித்து ஊற்றிவிட்டு, பிழிந்து பொடியாக அரியுங்கள். தாச்சியில் எண்ணெய் விட்டுக் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, கீரையையும் மஞ்சளையும் சேர்த்து ஈரம் வற்றக் கிளறுங்கள். இறக்குவதற்கு முன் தேங்காய்ப்பூ தாராளமாகப் போடுங்கள். கொழகொழப்பு அதில் அடங்கிவிடும். தேசிக்காய்ப் புளி கடைசியில்.

இலைக்கஞ்சிக்கும் சேர்க்கலாம். சிவப்புப் பச்சையரிசியையும் வறுத்த பயற்றையும் குழைய வேகவைத்து, அவித்து அரிந்த இலையைப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். இங்கே நீர்முள்ளியைத் தனியாகப் போடாமல் முசுமுசுக்கையோ பொன்னாங்காணியோ கலந்தால் சுவை உயரும்.

எட்டாம் படி: மருந்தாக எடுப்பதற்கு முன்

சித்த மருத்துவத்தில் நீர்முள்ளிக் குடிநீர் பழமையான மருந்து. நீரைப் பெருக்கி வீக்கத்தைக் குறைக்கும் என்று கொடுப்பார்கள். விலங்குகளில் செய்த ஆய்வுகளிலும் சிறுநீரைப் பெருக்கும் இயல்பு காணப்பட்டிருக்கிறது. செடி முழுவதையும் வேரோடு பயன்படுத்துவது வழக்கம், விதையைப் பாலில் கொடுப்பதும் உண்டு. வாரத்தில் ஒருநாள் வறையாக உண்பதும், தினமும் கசாயமாகக் காய்ச்சிக் குடிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு வைத்தியர் வேண்டும்.

வவுனியா மாவட்டம் உட்பட உலர்வலயத்தில், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டுகிறது. “நீருக்கு நல்லது” என்ற சொல்லைக் கேட்டு அந்த நோயாளிகள்தாம் முதலில் இந்தச் செடியைத் தேடுகிறார்கள். செடியில் பொட்டாசியம் உப்புகள் நிறைய உண்டு. பழுதடைந்த சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும், இதயத் துடிப்பு குலையும். ஆகவே சிறுநீரக நோயுள்ளவர்கள் கீரையாகக்கூடத் தாமாக எடுக்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் தம் வைத்தியரிடம் கேட்க வேண்டும். உண்டபின் முகமோ காலோ வீங்கினால், மூச்சு வாங்கினால், எஞ்சிய கீரையையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். அம்புலன்ஸுக்கு 1990.

ஊர்ச் சித்த வைத்தியரிடமோ கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்கோ செடியைக் கொண்டுபோய்க் கேட்க விரும்பினால், வேரும் கணுவும் முள்ளும் குலையாத முழுச்செடி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். அரிந்து காயவைத்த துண்டுகளில் கணுவின் ஆறிலையும் ஆறுமுள்ளும் எஞ்சியிராது, அவற்றைப் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது.